இன்னும் கட்டாத கப்பலைக் காட்டுவது எப்படி?

1850 நவம்பர். நியூயோர்க்கில் கப்பல் கட்டும் தளம் வைத்திருந்த வில்லியம் எச். பிரவுண், சில பணக்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்களுக்கு ஒரு பாய்க்கப்பல் கட்டித் தாறன், விலை 30,000 டொலர், வேகத்தில் அது மற்றதுகளை வெல்லாவிட்டால் நீங்கள் எடுக்கத் தேவையில்லை. கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். இன்றைக்கு ஒரு மேசன் வந்து, "வீடு பிடிக்காட்டி காசு வேண்டாம்" என்று சொன்னால் நாங்கள் அவருக்கு என்னவோ பிடிச்சிட்டுது என்றுதான் நினைப்போம். ஆனால் பிரவுண் பைத்தியக்காரன் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு கப்பல் எப்படி ஓடும் என்று, அது தண்ணியில் இறங்கும்வரை ஒருத்தருக்கும் தெரியாது. வாங்குபவர் நம்ப வேண்டும் என்றால் விற்பவர் தன் தலையை அடகு வைக்க வேண்டியிருந்தது.

கப்பல் பிந்திவிட்டது. 1851 மே மாதம்தான் இறங்கியது. வெள்ளோட்டத்தில், வாங்க வந்தவர்களின் தலைவர் ஜோன் கொக்ஸ் ஸ்டீவன்ஸின் சொந்தப் படகான 'மரியா'விடமே தோற்றது. பணக்காரர்கள் விடுவார்களா? விலையைப் பிடிச்சு இறக்கி 20,000 டொலருக்கு வாங்கினார்கள். அந்தக் கப்பலின் பெயர் 'அமெரிக்கா'. அதே ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் திகதி இங்கிலாந்தில் வைற் தீவைச் சுற்றி நடந்த போட்டியில் அது வென்ற கிண்ணத்துக்குத்தான் இன்றைக்கும் 'அமெரிக்காஸ் கப்' என்று பெயர்.

அந்தக் கப்பலின் உருவத்தைத் தீர்மானித்தவர் பிரவுண் இல்லை. அவருடைய தளத்தில் வேலை செய்த ஜோர்ஜ் ஸ்டியர்ஸ் என்ற இளைஞர். அவர் கையில் இருந்தது ஒரு மரக்கட்டை.

யொட் என்று சொல்லப்படும் உல்லாசக் கப்பல்களைப் பற்றி எழுத எங்களுக்கு என்ன தேவை என்று கேட்பீர்கள். பணக்காரர்களின் விளையாட்டுச் சாமான்தானே? உண்மைதான். ஆனால் எங்களை இழுத்தது அந்தக் காசு இல்லை. இல்லாத ஒரு பொருளை இன்னொருவருக்குக் காட்டி, "ஓம், இதுதான் எனக்கு வேணும்" என்று அவர் வாயால் சொல்ல வைப்பது எப்படி என்ற கேள்விதான். அந்தக் கேள்விக்கு மனிதர்கள் கண்டுபிடித்த ஒவ்வொரு பதிலும் ஒருவரின் பெயரை மேலே தூக்கியிருக்கிறது, இன்னொருவரின் பெயரை மறைத்திருக்கிறது. அந்தக் கதை கடைசியில் வல்வெட்டித்துறைக் கரையையும் தொட்டுப் போகிறது.

முதலில் அந்த மரக்கட்டை. அதை அரை மொடல் என்பார்கள். கப்பலை அணியத்திலிருந்து கடையால்வரை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் வலதும் இடதும் ஒன்றுதான். ஆகவே பாதியைச் செதுக்கினால் போதும். மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆணியோ மரமுளையோ வைத்து இறுக்கி, அந்தக் கட்டையைச் செதுக்குவார்கள். உருவம் சரி என்று பட்டதும் பலகைகளைக் கழற்றுவார்கள். கழற்றிய ஒவ்வொரு பலகையின் விளிம்பும், அந்த உயரத்தில் கப்பலின் வளைவு என்ன என்று சொல்லும். அதை அளந்து, பெருக்கி, தரையில் முழு அளவில் கீறினால் கப்பல் கட்டத் தொடங்கலாம். எங்களுக்கு இது ஒரு சின்ன மந்திரம் மாதிரித்தான் பட்டது. வாங்குபவர் கையில் தூக்கிப் பார்க்கிற அதே பொருள்தான் தச்சனுக்கு அளவுகோலும். நடுவில் கடதாசி இல்லை.

கடதாசி இல்லாமல் இருந்ததும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். யொட் என்ற சொல்லே ஒல்லாந்தரின் 'யாக்ட்'டிலிருந்து வந்தது. 1660இல் ஆம்ஸ்டர்டாம் நகரம் இங்கிலாந்தின் இரண்டாம் சார்ள்ஸ் அரசனுக்கு 'மேரி' என்ற ஒன்றைப் பரிசாகக் கொடுக்க, அவருக்கு ஆசை பிடித்துவிட்டது. அடுத்த வருடமே பெற் குடும்பத்துக் கப்பல் தச்சர்களைக் கொண்டு தனக்கும் தம்பிக்கும் ஒவ்வொன்று கட்டுவித்துப் பந்தயம் ஓடினார்கள். அதற்கும் முன்பு, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில், மத்தியூ பேக்கர் என்ற ஆங்கிலத் தச்சர் கப்பலின் அடிப்பாகத்துக்குள் ஒரு மீனை வரைந்து காட்டியிருக்கிறார். தலை பருத்து வால் மெலிந்த உடம்புதான் தண்ணியில் நல்லா ஓடும் என்று புரிய வைக்க அதைவிட நல்ல படம் எது? சுவீடனில் சப்மன் 1768இல் கப்பல் வரைபடங்களை ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார். ஆனாலும் அமெரிக்கக் கரையில் 19ஆம் நூற்றாண்டு முழுக்கக் கட்டைதான் ராசா.

அந்தக் கட்டையின் உச்சக் கதை ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரிஸ்டல் என்ற சின்னத் துறைமுகத்தில் நடந்தது. ஹெரஷொஃப் சகோதரர்கள். மூத்தவர் ஜோன் பிரவுண் ஹெரஷொஃப், 1841இல் பிறந்தவர். பதின்ம வயதிலேயே இரண்டு கண்ணும் பார்வை போய்விட்டது. இளையவர் நதானியேல், 1848இல் பிறந்தவர். பொஸ்டனில் எம்.ஐ.டி.யில் படித்து, நீராவி இயந்திரக் கம்பனியில் வேலை பார்த்தவர். 1878இல் இருவரும் சேர்ந்து ஹெரஷொஃப் மனுஃபக்சரிங் கம்பனியைத் தொடங்கினார்கள்.

வேலைப் பங்கீட்டைப் பாருங்கள். வாடிக்கையாளரிடம் கதைப்பது, விலை பேசுவது, மரத்துக்கும் இரும்புக்கும் கணக்குப் போடுவது எல்லாம் கண் தெரியாத அண்ணன். ஆரோடும் அதிகம் கதைக்காத தம்பி மொடல் செதுக்குவார். செதுக்கியதை அண்ணன் கையில் கொடுப்பார். அண்ணன் விரல்களால் தடவுவார். எங்கே வளைவு சீராக ஓடவில்லை, எங்கே ஒரு மேடு இடறுகிறது என்று அந்த விரல்களுக்குத் தெரியும். கண்ணால் பார்க்கிறவனை வெளிச்சம் ஏமாற்றும், நிழல் ஏமாற்றும். விரலை ஏமாற்றுவது கஷ்டம். 'காட்சிப்படுத்துதல்' என்ற சொல்லைப் பாடத்தில் படிக்கும்போது எங்களுக்குக் கண் மட்டும்தான் ஞாபகம் வரும். உலகத்தின் வேகமான பந்தயக் கப்பல்கள் சில, கண் தெரியாத ஒருவரின் கையில் தேறித்தான் தண்ணிக்குப் போயின.

தம்பி நதானியேல் பலகை அடுக்கிக் கழற்றும் முறையையும் விட்டுவிட்டார். ஒரே கட்டையில் செதுக்கினார், பிறகு தானே அமைத்த ஒரு கருவியால் மொடலின் மேற்பரப்பை இடத்துக்கிடம் தொட்டு அளந்து, எண்களை ஒரு சின்னக் கொப்பியில் எழுதினார். அந்த எண்கள் நேரே தளத்துக்குப் போகும். வங்குக்கு ஒரு அச்சு என்று முழு அளவில் செய்து, அதன்மேல் மரத்தை வளைப்பார்கள். கப்பலின் உருவத்தைக் காட்டும் வரைபடம் என்று ஒன்று அவருக்குத் தேவைப்படவே இல்லை. பாய், பாய்மரம், இரும்பு வேலை, உள்ளறை இவைகளுக்குத்தான் படம் கீறினார்.

1891இல் இ. டி. மோர்கன் என்பவருக்காக 'குளோரியானா' என்ற படகு அங்கே கட்டப்பட்டது. அதுவரை வழக்கமாக இருந்த ஆழமான அணியத்தை வெட்டி எறிந்துவிட்டு, தண்ணிக்கு மேலே நீண்டு சரிந்த ஒரு முகத்தை நதானியேல் வைத்தார். பார்த்தவர்களுக்கு விசித்திரமாக இருந்தது. அந்தப் பருவத்தில் ஓடிய எட்டுப் பந்தயத்தில் எட்டையும் வென்றதும் எல்லாரும் அதே முகத்தைக் கேட்டு வந்தார்கள். பிறகு 1893 முதல் 1920 வரை அமெரிக்காஸ் கப்பைக் காத்த கப்பல்கள் எல்லாம் அவர் கைவேலை. 1903இல் வந்த 'ரிலையன்ஸ்' 16,000 சதுர அடிக்கு மேல் பாய் விரித்தது. அந்த மாதிரிக் கப்பலைச் சொல்லி வாங்கியவர்கள் வடிவத்தில் மூக்கை நுழைக்கவில்லை. காசைக் கொடுத்தார்கள், காத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் காலம் மாறுகிறது. கட்டையால் ஒரு குறை உண்டு: அது ஒன்றே ஒன்றுதான். தபாலில் அனுப்ப முடியாது. வடிவமைப்பவர் பொஸ்டனில், வாங்குபவர் சிக்காகோவில், கட்டுபவர் கனடாவில் என்றால் கடதாசிதான் வேலைக்கு ஆகும். 20ஆம் நூற்றாண்டில் சொந்தத் தளம் இல்லாத வடிவமைப்பாளர்கள் பெருகினார்கள். அவர்களிடம் இருந்தது ஒரு மேசை, வளைகிற மெல்லிய சட்டம், அதை அசையாமல் பிடிக்க ஈயக் குண்டுகள். அந்தக் குண்டுகளுக்கு அங்கத்தைய தொழிலாளர் வைத்த பெயர் தாரா. பார்க்கவும் தாரா மாதிரித்தான் இருக்கும், மூக்கு நீட்டிக்கொண்டு. சட்டத்தை 'ஸ்பிளைன்' என்பார்கள். இன்றைக்குக் கொம்பியூட்டரில் வளைவு கீறும் கணக்கு முறைக்கும் அதே பெயர்தான், இந்தச் சட்டத்திலிருந்து போனதுதான். நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள், கணக்கு எங்களுக்குக் கொஞ்சம் தூரம். ஆனால் ஒரு கணிதச் சொல்லுக்குப் பின்னால் தாராவும் தச்சனும் நிற்பது எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

கடதாசி வந்ததும் படம் இரண்டு வகையாகப் பிரிந்தது. வாங்குபவருக்கு ஒன்று, கட்டுபவருக்கு இன்னொன்று. வாங்குபவருக்கு முதலில் போவது பாய் விரித்த பக்கத்தோற்றமும், உள்ளே எத்தனை கட்டில், எங்கே குசினி, எங்கே மேசை என்று காட்டும் தளப்படமும். அவர் கடிதம் எழுதுவார்: மனுசிக்கு இந்தக் கட்டில் சின்னன், எனக்கு நிமிர்ந்து நிற்க உயரம் வேணும். திருத்துவார்கள். உயரத்தைக் கூட்டினால் கப்பலின் பாரம் மேலே போகும், பாரம் மேலே போனால் கப்பல் சரியும், சரியாமலிருக்க அடியில் ஈயம் கூட்ட வேண்டும், ஈயம் கூட்டினால் கப்பல் தாழும். ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் திரும்பத் தொட வேண்டும். எல்லாம் ஒத்துவந்த பிறகுதான் மூன்று பார்வையில் கோடுகள் வரும்: பக்கத்திலிருந்து, மேலிருந்து, அணியத்திலிருந்து. கூடவே ஒரு எண் அட்டவணை. அதைப் பார்த்துக் கட்டுபவர் ஒரு பெரிய மண்டபத் தரையில் முழு அளவில் கீறி, தவறைத் திருத்தி, பலகை அறுப்பார். இந்தக் கடைசிக் கோடுகளை வாங்குபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது என்பதுதான் எங்கள் எண்ணம். அவர் காதலித்தது பாய் விரித்த படத்தைத்தான்.

1929இல் நியூயோர்க்கில் தொடங்கிய ஸ்பார்க்மன் அண்ட் ஸ்டீபன்ஸ் கம்பனி இதை ஒரு ஒழுங்கான தொழிலாக்கியது. டிரேக் ஸ்பார்க்மன் தரகர், வாடிக்கையாளரைப் பிடித்து வருவார். ஒலின் ஸ்டீபன்ஸ் வரைவார். ஒலினுக்கு அப்போது 21 வயது, எங்கட வயசு. எம்.ஐ.டி.யில் முதல் வருடத்தோடேயே வெளியில் வந்தவர். அவருக்குக் கிடைத்த பெரிய ஓடர்களில் ஒன்று சொந்தத் தகப்பன் கொடுத்தது: 'டொராட்'. 1931இல் அத்திலாந்திக்கைக் கடக்கும் பந்தயத்தில் அது இரண்டு நாள் முந்தி வந்து சேர்ந்தது. எல்லாருக்கும் இப்படி ஒரு தகப்பன் வாய்க்காது, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் படம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் பிரவுணின் பழைய பிரச்சினை தீரவில்லை. இது ஓடுமா? 1870களில் இங்கிலாந்தில் வில்லியம் ஃபிரூட் சிறிய மொடலைத் தண்ணீர்த் தொட்டியில் இழுத்துப் பெரிய கப்பலின் இழுவிசையைக் கணிக்க வழி கண்டிருந்தார். பாய்க்கப்பலுக்கு அது நேரே பொருந்தவில்லை. பாய்க்கப்பல் நிமிர்ந்து ஓடாது, சரிந்து ஓடும், பக்கவாட்டிலும் வழுக்கும். 1930களில் ஹொபோக்கனில் உள்ள ஸ்டீவன்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் கென்னத் டேவிட்சன் என்ற பேராசிரியர், நீச்சல் தடாகத்தில் தொடங்கி, சரிந்த மொடலையும் சோதிக்கும் முறையை உருவாக்கினார். அந்த நிறுவனம் உருவானது 'அமெரிக்கா'வை வாங்கிய ஸ்டீவன்ஸின் சகோதரர் எட்வினின் சொத்தில். காசு சுற்றிச் சுற்றி எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

1937 அமெரிக்காஸ் கப்புக்காக ஹரோல்ட் வண்டர்பில்ட் தன் காசில் 'ரேஞ்சர்' என்ற கப்பலைக் கேட்டார். இரண்டு பேரைச் சேர்த்து வைத்தார்: இளைஞன் ஒலின் ஸ்டீபன்ஸ், மூத்தவர் ஸ்டார்லிங் பர்கெஸ். இருவரும் தனித்தனியே உருவங்கள் வரைந்தார்கள், மொடல்கள் தொட்டியில் இழுக்கப்பட்டன. தேறியது 77-சி என்ற இலக்கமிட்ட மொடல். அது ஆருடையது என்று வெளியில் சொல்வதில்லை என்று உடன்பாடு. ரேஞ்சர் 34 பந்தயத்தில் 32ஐ வென்றது. 1941இல் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. பர்கெஸ் 1947இல் இறந்துபோனார். உலகம் அதை ஒலினின் வேலை என்று நம்பத் தொடங்கியபோது, ஒலினே அது பர்கெஸின் மொடல் என்று சொன்னார். மௌனமாக இருந்திருந்தால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. வடிவமைப்பு வரலாற்றில் இப்படி நடப்பது அருமை.

இந்த பர்கெஸ் சாதாரண ஆள் இல்லை. கவிதை எழுதியவர், விமானம் கட்டியவர், பக்மின்ஸ்டர் ஃபுல்லரோடு சேர்ந்து 1933இல் மூன்று சில்லுக் கார் செய்தவர். அவரிடம் கடைசிக் காலத்தில் ஒரு வாடிக்கையாளர் வந்தார். பெயர் வில்லியம் அல்பேட் றொபின்சன்.

இந்தப் பெயர் வடமராட்சிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். ஜோன் ஓல்டன் என்பவரின் படத்தில் கட்டிய 32 அடிப் படகு 'ஸ்வாப்'பில் 1928இலிருந்து 1931வரை உலகத்தைச் சுற்றியவர். பிறகு எங்கள் கரையில் இருந்து ஒரு கப்பல் வாங்கினார். வல்வெட்டித்துறையில் சுந்தரம் மேத்திரியார் 1930இல் கட்டிய 'அன்னபூரணி', 89 அடி. மனைவி ஃபுளோரன்ஸின் பெயரை அதற்கு வைத்தார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை முதலான வல்வெட்டித்துறை மாலுமிகள் சுயஸ் வழியாக அதை ஓட்டிக்கொண்டுபோய் 1938 ஓகஸ்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இந்தப் பயணத்தை எங்கள் ஊர்களில் பெருமையோடு சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதற்கு அடுத்து நடந்ததை நாங்கள் அவ்வளவாகக் கதைப்பதில்லை.

றொபின்சன் குளொஸ்டருக்குப் பக்கத்து ஊரான இப்ஸ்விச்சில் தானே ஒரு கப்பல் தளம் தொடங்கினார். பர்கெஸோடு சேர்ந்து தனக்கென்று 70 அடியில் ஒரு கப்பலை வடிவமைத்தார். 'வருவா' என்று பெயர், 1942இல் இறங்கியது. 1945இல் அதில் தாஹிற்றிக்குப் போனார். தென் பசிபிக்கில் அவர் சந்தித்த பெரும் புயலில் அது தாக்குப்பிடித்ததை அவரே புத்தகமாக எழுதியிருக்கிறார். கடலோடிகள் இன்றும் அதை வாசிக்கிறார்கள். அந்தப் புத்தகத்தால் பர்கெஸ் பெயரும் வாழ்கிறது.

ஒரே வாடிக்கையாளர், இரண்டு கப்பல். ஒன்றை வரைந்தவரின் பெயர் கப்பலின் பெயரோடு ஒட்டியே போகிறது. மற்றதைக் கட்டியவரின் பெயரைக் கேட்டால் எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேர் முழிப்பார்கள், கப்பலின் பெயரும் மாறிப் போய்விட்டது. பர்கெஸ் கெட்டிக்காரர், மேத்திரியார் குறைந்தவர் என்பது இதற்குக் காரணம் இல்லை. அன்னபூரணியும் இரண்டு சமுத்திரம் பார்த்த கப்பல்தான். வித்தியாசம் வேறு. மேத்திரியாருக்குப் படம் காட்ட வேண்டிய தேவை குறைவு. கப்பல் கேட்டு வந்தவர்கள் கடலோடிக் குடும்பங்கள், கரையிலேயே வாழ்ந்தவர்கள். ஏரா போட்ட நாளிலிருந்து வங்கு ஏறி, பலகை ஏறி, கலப்பத்து அடிக்கும்வரை வந்துவந்து பார்ப்பார்கள். கட்டப்படும் கப்பல்தான் அங்கே படம். தூரத்திலிருக்கிற, கடல் தெரியாத ஒருவரை நம்பவைக்கத்தான் கடதாசி வேண்டும். அந்தக் கடதாசிதான் பிறகு ஆவணமாகி, நூலகத்தில் பெயரோடு இருந்துவிடுகிறது. எம்.ஐ.டி. அருங்காட்சியகத்தில் ஹெரஷொஃப் கம்பனியின் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. உடைத்த ரேஞ்சரின் பெயரிலேயே 2003இல் டென்மார்க்கில் இன்னொரு ரேஞ்சர் கட்டினார்கள். படம் இருந்தது, கட்ட முடிந்தது.

இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அதில் எங்களுக்கு அவ்வளவு ருசி இல்லை. 1970களில் லண்டனில் ஜோன் பனன்பேர்க் என்ற அவுஸ்திரேலியர், உருவத்தை வரைபவர் வேறு, கப்பல் பொறியியல் செய்பவர் வேறு என்று தொழிலையே பிரித்தார். அவர் வரைந்த 'கரிந்தியா 5' 1971இல் கிரேக்கக் கடலில் பாறையில் மோதித் தாழ்ந்தது. ஜெர்மன் முதலாளி அதே மாதிரி இன்னொன்று கட்டச் சொன்னார், படம்தான் இருக்கிறதே. இப்போது கொம்பியூட்டர் திரையில் சூரிய வெளிச்சம், தண்ணியில் நிழல், மேசையில் பழத்தட்டு எல்லாம் போட்டுக் காட்டுகிறார்கள். ஒரு கோடும் கணக்குப் பார்க்காத கப்பலைக்கூட அப்படிக் காட்டலாம். அரை மொடலால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியாது. அது வடிவாக இல்லாவிட்டாலும் கட்டக்கூடியதாக இருந்தது.

ஒரு விஷயம் பாக்கி. 1936, 1937 காலத்தில், பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்த கப்பல் வரைஞர்களுக்கு அமெரிக்க அரசு ஒரு வேலை கொடுத்தது. கரைகளுக்குப் போ, உக்கிக் கிடக்கும் பழைய கப்பல்களையும் அரை மொடல்களையும் தேடு, அளந்து படமாக்கு. கட்டும்போது படம் கீறாத மீன்பிடிப் படகுகள்கூட அப்படித்தான் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குள் போயின. நியூ இங்கிலாந்துப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஹவாட் சப்பெல். அவர்கள் அங்கே அளந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் அன்னபூரணி அந்தக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அந்த வேலைக்குத் தேவையான சாமான் பெரிசாக ஒன்றும் இல்லை. தூக்குக்குண்டு, மட்டப்பலகை, அளவு நாடா, ஒரு நீளமான நேர்ச்சட்டம், கொப்பி, இரண்டு பேர். ஒரு அடி இடைவெளியில் குண்டைத் தொங்கவிட்டு, நூலிலிருந்து பலகைவரை எவ்வளவு என்று மேலிருந்து கீழே அளந்து எழுத வேண்டும். ஒரு பக்கம் போதும். பைபர் படகு வந்த பிறகு எங்கள் கரைகளில் மரவள்ளம் குறைந்துவிட்டது, மிஞ்சியதுகள் விறகாகப் போகின்றன. வள்ளம் கட்டின ஐயாமார் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அளக்கிற நேரம் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு அவர்களை இருக்கச் சொன்னால், எந்த வளைவு ஏன் அப்படி என்று கேட்டுக் கேட்டே எழுதலாம். அடுத்த லீவில் பருத்தித்துறைப் பக்கம் ஒரு வள்ளத்தில் இருந்து தொடங்குவதாக இருக்கிறோம். நாடாவும் குண்டும் எங்களிடம் இருக்கிறது. மட்டப்பலகை இரவல் வாங்க வேண்டும்.